இளவேனிலுக்கு எடை குறைந்த வண்ணப்பட்டை ஜாக்கெட்: கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் முழுமையான வழிகாட்டி

காலையில் 8 டிகிரியும் மதியம் 18 டிகிரியும் இருக்கும் இளவேனில் நாட்களுக்குக் கனத்த ஸ்வெட்டர் உதவாது. சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு, வெயில் ஏறியதும் கழற்றிப் பைக்குள் வைக்கக்கூடிய ஜாக்கெட்தான் வேண்டும். இங்கே விவரிப்பது V கழுத்தும் முன்பக்கப் பொத்தான்களும் கொண்ட ஒரு ஜாக்கெட். இது கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி ஒரே துண்டாக வளரும். தோளிலோ பக்கவாட்டிலோ தைக்க வேண்டிய இணைப்பு எதுவும் இராது.

நிட், பர்ல் ஆகிய இரு கண்ணிகளும் கைக்குப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அளவுகள் 92 செ.மீ. மார்புச் சுற்றுக்குக் கணக்கிடப்பட்டவை. பொத்தான் போட்ட நிலையில் ஜாக்கெட்டின் சுற்றளவு ஏறத்தாழ 100 செ.மீ. வரும். அளவை மாற்றும் வழி ஏழாம் பகுதியில் உள்ளது. ஆனால் அதைத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

1. நிறத்தைத் தொடுமுன் எடையைத் தீர்மானியுங்கள்

புதிதாகப் பின்னுவோர் பலரும் நிறங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். பூவும் கொடியுமாக இரு நிற நூல்களை ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் பின்னும் முறை அவர்களை ஈர்க்கிறது. அந்த முறையில், பயன்படாத நூல் துணியின் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பதால் துணி கிட்டத்தட்ட இரட்டைத் தடிமன் அடைகிறது. பனிக்கால உடைக்கு அது நல்லது. இளவேனில் ஜாக்கெட்டின் நோக்கத்தையோ அது கெடுத்துவிடும்.

ஆகவே இங்கே நிறம் கிடைமட்டப் பட்டைகளாக மட்டுமே வருகிறது. ஒரு வரிசையில் ஒரே நூல்தான் ஓடும். எத்தனை நிறம் சேர்த்தாலும் துணியின் தடிமன் மாறாது.

நூலைப் பொறுத்தவரை, பருத்தியும் மெரினோ கம்பளியும் கலந்த டி.கே. (டபுள் நிட்டிங்) தடிமன் நூலைப் பரிந்துரைக்கிறேன். சில கடைகளில் இது 8 பிளை என்ற பெயரில் கிடைக்கும். தனிப் பருத்தி குளிர்ச்சியானது, வியர்வையை உறிஞ்சுவது. ஆனால் மீள்தன்மை இல்லாததால் ஜாக்கெட் தன் எடையாலேயே நாளடைவில் நீளும். கம்பளி சேர்ந்தால் கண்ணிகள் தம் இடத்துக்குத் திரும்புகின்றன. தனி அக்ரிலிக் விலை குறைவு என்றாலும் ஈரத்தை உறிஞ்சாததால் மதிய வெயிலில் புழுக்கமாக இருக்கும்.

2. முன்னதாகச் சேகரிக்க வேண்டியவை

50 கிராமுக்கு ஏறத்தாழ 120 மீட்டர் ஓடும் நூலில் அடிப்படை நிறத்துக்கு 8 நூல்கண்டுகளும், பட்டைகளுக்கு நான்கு நிறங்களில் ஒவ்வொன்றும் தேவை. விளக்கத்துக்காகப் பால்வெள்ளையை அடிப்படையாகவும், மஞ்சள், இலைப்பச்சை, பவழம், வான நீலம் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பட்டைகளாகவும் கொள்கிறேன். முழு ஜாக்கெட்டும் 500 கிராம் அளவில் முடியும். மீதி நூல் மாதிரித் துண்டுக்கும் பிற்காலப் பழுதுக்கும்.

அடிப்படை நிறத்தின் எல்லா நூல்கண்டுகளிலும் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். கடை விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும் இரு தொகுதிகள், பகல் வெளிச்சத்தில் முதுகின் நடுவே கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். ஒரே தொகுதி கிடைக்காவிட்டால், இரண்டு வரிசைக்கு ஒருமுறை இரு நூல்கண்டுகளையும் மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கரைந்துவிடும்.

ஊசிகள்: 4 மி.மீ. வட்ட ஊசி 80 செ.மீ. நீளத்தில், 3.5 மி.மீ. வட்ட ஊசி 100 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நீளத்தில். கைகளுக்கும், மணிக்கட்டு ரிப்புக்கும் (இரண்டு நிட், இரண்டு பர்ல் என மாறி மாறி வரும் மீள்விளிம்பு) இவ்விரு தடிமன்களிலும் இருமுனை ஊசித் தொகுப்புகள். இவற்றோடு ஊசியில் இடம் குறிக்கும் சிறு வளையங்களான மார்க்கர்கள் நான்கு, வழவழப்பான மீதி நூல், மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, அளவு நாடா, கிராம் காட்டும் சமையலறைத் தராசு, 12 முதல் 15 மி.மீ. வரையிலான ஏழு பொத்தான்கள். உலோகப் பொத்தான்களைத் தவிருங்கள்; மெல்லிய துணியில் அவை பட்டியை முன்னோக்கி இழுத்துத் தொங்கவிடும்.

நிறம் இறங்குகிறதா என்பதையும் இப்போதே சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வண்ண நூலிலும் ஒரு சிறு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்துங்கள். கறை பட்டால் அந்த நூல் பால்வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கத் தகுதியற்றது. முடிந்த ஜாக்கெட்டின் முதல் அலசலில் இளஞ்சிவப்பாக மாறிய வெண்பட்டைகளை மீட்க வழி ஏறக்குறைய இல்லை.

3. மாதிரித் துண்டு

தொடங்கும் ஆவலில் பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படி இது. ஜாக்கெட் பொருந்தாமல் போவதற்கு முதன்மையான காரணமும் இதுவே.

4 மி.மீ. ஊசியில் 34 கண்ணிகள் ஏற்றி, வெளிப்பக்கம் நிட், உட்பக்கம் பர்ல் என 44 வரிசைகள் பின்னுங்கள். கண்ணிகளை மூடி, ஜாக்கெட்டை எப்படி அலசப் போகிறீர்களோ அப்படியே இதையும் நனைத்து, தட்டையாக விரித்து உலர்த்துங்கள். ஓரங்கள் இழுபடுவதால் நடுவில் மட்டும் அளக்க வேண்டும். 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணிகளும், 10 செ.மீ. உயரத்தில் 30 வரிசைகளும் இருக்க வேண்டும்.

இரண்டு கண்ணி வேறுபாடு சிறியது என்று தோன்றலாம். உடல் பகுதியில் 214 கண்ணிகள் இருக்கின்றன. 10 செ.மீ.க்கு 22 இருந்தால் அது 97 செ.மீ.; 24 இருந்தால் 89 செ.மீ.; 20 இருந்தால் 107 செ.மீ. 24 வந்தால் 4.5 மி.மீ. ஊசியிலும், 20 வந்தால் 3.5 மி.மீ. ஊசியிலும் மறுபடி பின்னிப் பாருங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ அளவைக் கொண்டுவர முயல வேண்டாம். கவனம் விலகியதும் கை தன் இயல்புக்குத் திரும்பிவிடும்.

உலர்ந்த துண்டின் கீழ் ஓரத்தில் சில துணிக் கிளிப்புகளைக் கவ்வவிட்டு ஓர் இரவு தொங்கவிடுங்கள். எவ்வளவு நீள்கிறது என்று பார்த்தால், ஜாக்கெட்டின் நீளத்தில் எத்தனை செ.மீ. குறைக்கலாம் என்பதற்குக் குறிப்பு கிடைக்கும்.

4. கழுத்தும் தோளும்

4 மி.மீ. வட்ட ஊசியில் பால்வெள்ளையில் 60 கண்ணிகளை ஏற்றுங்கள். ஊசி வட்டமானது என்றாலும் சுற்றாக இணைக்கக் கூடாது. முன்பக்கம் திறந்திருக்க வேண்டியதால் போய்த் திரும்பியே பின்ன வேண்டும். வட்ட ஊசி இங்கே பயன்படுவது கண்ணிகளின் எண்ணிக்கையும் எடையும் நேர் ஊசியில் அடங்காது என்பதற்காகவே.

உட்பக்க வரிசை ஒன்றைப் பர்லில் பின்னிக்கொண்டே மார்க்கர்களை வையுங்கள்: முன்பக்கம் 2, மார்க்கர், கை 8, மார்க்கர், முதுகு 40, மார்க்கர், கை 8, மார்க்கர், முன்பக்கம் 2. இந்த நான்கு மார்க்கர்களும் கழுத்திலிருந்து அக்குள் நோக்கிச் சரியும் நான்கு ராக்லன் கோடுகள்.

இனி ஒவ்வொரு வெளிப்பக்க வரிசையிலும், ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒரு கண்ணி முன்னால் ஒன்றும், ஒரு கண்ணி பின்னால் ஒன்றும் கூட்ட வேண்டும். வரிசைக்கு எட்டுக் கண்ணிகள் கூடும். உட்பக்க வரிசைகள் முழுவதும் பர்ல். கூட்டுவதற்கு, இரு கண்ணிகளுக்கு இடையே கிடக்கும் குறுக்கு நூலை முன்னாலிருந்து தூக்கி இடது ஊசியில் போட்டு, அதன் பின்கால் வழியாகப் பின்னுங்கள். முன்கால் வழியாகப் பின்னினால் கண்ணி முறுக்கேறாமல் ஓட்டை விழும்.

இதே வேளையில் V கழுத்தும் உருவாக வேண்டும். இரண்டாவது, நான்காவது, ஆறாவது என ஒன்றுவிட்ட வெளிப்பக்க வரிசைகளில், முதல் கண்ணிக்குப் பிறகு ஒன்றும் கடைசிக் கண்ணிக்கு முன்னால் ஒன்றும் கூடுதலாகச் சேருங்கள். அந்த வரிசைகளில் மட்டும் எட்டுக்குப் பதில் பத்து கூடும். தடுமாற்றம் அதிகம் நேரும் இடம் இதுதான். ராக்லன் கூட்டலில் கவனம் இருப்பதால் கழுத்துக் கூட்டலை மறக்கிறார்கள். இருபது வரிசைகளுக்குப் பின் முன்பக்கங்கள் குறுகலாக நிற்கும்போதுதான் தெரிகிறது. ஒரு தாளில் 1 முதல் 30 வரை எழுதி, இரட்டைப்படை எண்களை வட்டமிட்டு, ஒவ்வொரு கூட்டல் வரிசை முடிந்ததும் அடித்துக்கொண்டே வருவது போதுமானது.

30 கூட்டல் வரிசைகள், அதாவது மொத்தம் 60 வரிசைகள் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொரு முன்பக்கத்திலும் 47, ஒவ்வொரு கையிலும் 68, முதுகில் 100, ஆக 330 கண்ணிகள். எண் பொருந்தாமல் மேலே செல்ல வேண்டாம்.

5. பட்டைகளின் கணக்கு

தொடக்க உட்பக்க வரிசையைச் சேர்க்காமல், 4 வரிசை பால்வெள்ளை, 2 வரிசை வண்ணம் என்பதே ஒழுங்கு. ஆறு வரிசைக்கு ஒரு வண்ணமாக, 24 வரிசைகளில், அதாவது 8 செ.மீ. உயரத்தில் நான்கு நிறங்களும் ஒரு முறை வந்துவிடும். ஒற்றைப்படை வரிசைகளில் பட்டை அமைக்காதீர்கள். இரட்டைப்படையாக இருந்தால்தான் நிறம் மாற்ற வேண்டிய நேரத்தில் பழைய நூல் அதே ஓரத்தில் காத்திருக்கும்.

பால்வெள்ளையை வெட்ட வேண்டியதில்லை. இரண்டு வரிசை இடைவெளியை அது ஓரத்தோடு ஏறிக் கடக்கட்டும். நூலை இழுத்துக் கட்டாமல் சற்றே தளர்வாக விடுங்கள், இல்லையெனில் முன் ஓரம் சுருங்கி மேலேறும். வண்ண நூல்களை ஒவ்வொரு பட்டையிலும் வெட்டுங்கள். 22 வரிசை தூரம் அவற்றையும் ஓரத்தில் ஏற்றினால் அங்கே நூல்கள் திரண்டு பொத்தான் பட்டி புடைக்கும். வெட்டிய முனைகளை அடுத்த வரிசையின் எட்டுப் பத்துக் கண்ணிகளுக்குப் பின்னால் அப்போதே கோத்துவிடுங்கள். மொத்தம் நூற்றுக்கு மேற்பட்ட முனைகள் சேரும். அவற்றைக் கடைசிக்கு என்று ஒத்திவைத்ததால் முடிக்கப்படாமலே கிடக்கும் ஜாக்கெட்டுகள் ஏராளம்.

வேறு பட்டை அகலம் விரும்பினால் வரைதாளில் கலர் பென்சிலால் வரைந்து பாருங்கள். அடர்நிறம் ஒன்று மட்டும் இருந்தால் கண் அதையே தேடும். நான்கு நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிர்மையுடன் இருப்பதே இந்த ஜாக்கெட்டுக்குப் பொருந்துகிறது என்பது என் தேர்வு.

6. உடலையும் கைகளையும் பிரித்தல்

பால்வெள்ளையில் வெளிப்பக்க வரிசையாகத் தொடங்குங்கள். முன்பக்கத்தின் 47 கண்ணிகளைப் பின்னி, கையின் 68 கண்ணிகளை மீதி நூலில் கோத்து ஒதுக்கி, வலது ஊசியில் 10 புதிய கண்ணிகளை ஏற்றுங்கள். முதுகின் 100 கண்ணிகள், மறு கையை ஒதுக்குதல், மீண்டும் 10 புதிய கண்ணிகள், 47 கண்ணிகள். இப்போது ஊசியில் இருப்பவை 214. அந்தப் பத்துக் கண்ணிகளே கையைத் தூக்கும்போது அக்குள் இறுகாமல் காக்கின்றன. அவற்றைக் குறைக்க வேண்டாம்.

தோள்பகுதியில் பத்துப் பட்டைகள் முடிந்திருக்கும். ஆகவே உடலில் அடுத்து வரும் வண்ணம் மூன்றாவதான பவழம். இரு கைகளையும் அதேபோல் 4 வரிசை பால்வெள்ளையில் தொடங்கி, அடுத்த வண்ணமாகப் பவழத்தையே கொண்டால் கைகளைத் தொங்கவிடும்போது பட்டைகள் உடலின் பட்டைகளோடு ஒரே மட்டத்தில் நிற்கும். இதை எங்காவது குறித்து வையுங்கள்.

உடலைப் பத்து செ.மீ. மட்டும் பின்னி, கண்ணிகளை மீதி நூலுக்கு மாற்றி, ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு உடலை முடிக்காமல் கைகளுக்குச் செல்லுங்கள். இந்த வரிசைமுறைக்குக் காரணம் நூல். இரு கைகளும் ஒரே நீளமாக இருந்தே ஆக வேண்டும். உடலோ இரண்டு செ.மீ. குறைந்தாலும் எவரும் கவனிக்கப்போவதில்லை. உடலை முதலில் முடித்தவர்கள் இரண்டாவது கையின் முழங்கையில் நூல் தீர்ந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பொத்தான் பட்டிக்கும் கீழ் ரிப்புக்குமாக இரண்டு பால்வெள்ளை நூல்கண்டுகளை இப்போதே தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

7. அளவை மாற்ற விரும்பினால்

ராக்லன் கூட்டல் வரிசைகள் நான்கைக் கூட்டினால், இரண்டு கழுத்துக் கூட்டல்களோடு சேர்த்து உடலில் 20 கண்ணிகள், அதாவது ஏறத்தாழ 9 செ.மீ. கூடி 234 ஆகும். நான்கைக் குறைத்தால் 194 ஆகும். இரண்டு எண்களும் இரண்டுக்கு இரண்டு ரிப்புக்குப் பொருந்துபவை. அதற்கு நான்கின் மடங்கோடு இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். தோளின் ஆழமும் அதற்கேற்ப 2.5 செ.மீ.க்குச் சற்று மேல் மாறும். கையின் கண்ணிகள் எட்டுக் கூடும் அல்லது குறையும். பொத்தான் பட்டியின் எண்ணிக்கையும் மாறும்.

8. கைகள்

ஒதுக்கிய 68 கண்ணிகளை ஊசிக்கு மாற்றி, அக்குளின் 10 கண்ணிகளிலிருந்து பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரு மூலைகளிலும் ஓர் ஓட்டை தெரியும். அங்கே ஒவ்வொரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் ஓட்டை மூடிக்கொள்ளும். மொத்தம் 78. அக்குளின் நடுவில் மார்க்கர் வைத்து இனிச் சுற்றாகப் பின்னலாம்.

ஆறு சுற்றுகளுக்குப் பிறகு, ஏழு சுற்றுக்கு ஒருமுறை மார்க்கரின் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி குறையுங்கள். பதினைந்து முறை குறைத்தால் 48 கண்ணிகள் மிஞ்சும். 114 சுற்றுகள் முடிந்ததும் 3.5 மி.மீ. ஊசிக்கு மாறி 5 செ.மீ. ரிப் பின்னித் தளர்வாக மூடுங்கள். முக்கால் கை போதுமென்றால் ஒன்பது முறை குறைத்து 60 கண்ணிகளோடு ரிப்புக்குச் செல்லலாம். இளவேனிலுக்கு எனக்குப் பிடித்தது அதுவே.

இங்கே இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. சுற்றாகப் பின்னும்போது பர்ல் வரிசை இல்லாததால் பலருக்குக் கண்ணிகள் இறுகும். உடலைவிடக் கையின் துணி அடர்த்தியாகத் தெரிந்தால் அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள். இரண்டாவதாக, சுற்று தொடங்கும் இடத்தில் பட்டை படிபோல் விலகி நிற்கும். புதிய நிறத்தின் முதல் சுற்றைப் பின்னிவிட்டு, இரண்டாம் சுற்றின் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு நகர்த்தினால் அந்தப் படி பெருமளவு மறையும்.

9. உடலை முடித்து, ஒருமுறை நனைத்தல்

உடல் கண்ணிகளை ஊசிக்குத் திருப்பி, அக்குளிலிருந்து 90 வரிசைகள், அதாவது 30 செ.மீ. வரும்வரை பட்டைகளைத் தொடருங்கள். தொங்கவிட்ட மாதிரித் துண்டு நன்றாக நீண்டிருந்தால் 84 வரிசைகளோடு நிறுத்தலாம்.

3.5 மி.மீ. ஊசியில் பால்வெள்ளைக்கு மாறியதும் முதல் வரிசை முழுவதையும் நிட்டாகவே பின்னுங்கள். நிறம் மாறும் வரிசையிலேயே ரிப்பைத் தொடங்கினால், பர்ல் கண்ணிகளில் பழைய நிறம் புள்ளி புள்ளியாக வெளிப்பக்கம் எட்டிப்பார்க்கும். அதன்பின் 14 வரிசை ரிப். வெளிப்பக்கம் இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டில் முடியும். மூடும்போது 4 மி.மீ. ஊசியைப் பயன்படுத்தினால் ஓரம் இறுகாது.

பொத்தான் பட்டிக்கு முன் ஜாக்கெட்டை நனைத்து உலர்த்தும்படி வற்புறுத்துகிறேன். வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துவாலையில் உருட்டி அழுத்தி, அளவுக்கு இழுத்துத் தட்டையாக விரியுங்கள். பருத்தி கலந்த துணி முதல் நனைப்பில்தான் தன் உண்மையான நீளத்தை அடைகிறது. அதற்கு முன் பட்டி பின்னினால், பட்டி ஒரு நீளமும் முன்பக்கம் வேறொரு நீளமுமாக நின்று ஓரம் அலைபாயும்.

10. பொத்தான் பட்டி

3.5 மி.மீ. நீள வட்ட ஊசியில், வெளிப்பக்கம் உங்களை நோக்கியிருக்க, அணிபவரின் வலது முன்பக்கத்தின் கீழ் மூலையில் தொடங்குங்கள். நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற விகிதத்தில், ஓரக் கண்ணி முழுவதையும் உள்ளே தள்ளி எடுக்க வேண்டும். ஏறிவந்த நூல்கள் அதன் பின்னால் மறைந்துவிடும். வரிசைக்கு ஒன்றாக எடுத்தால் பட்டி விசிறியாக விரியும். இரண்டுக்கு ஒன்றாக எடுத்தால் முன்பக்கம் மேலே இழுபடும்.

நேர்ப்பகுதியில் 80, V சரிவில் 45, கழுத்தைச் சுற்றி 60, மறுசரிவில் 45, மறுபக்கம் 80 என மொத்தம் 310 கண்ணிகள். முதல் வரிசை உட்பக்கம் என்பதால் இரண்டு பர்லில் தொடங்குங்கள். வெளிப்பக்கத்தில் அது இரண்டு நிட்டாகத் தெரியும்.

நான்காம் வரிசையில், வலது முன்பக்கத்தில் பொத்தான் துளைகள் வரும். முதல் துளை மூன்றாம், நான்காம் கண்ணிகளில்: நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, இரண்டு பர்ல் கண்ணிகளை ஒன்றாகப் பின்னுங்கள். பிறகு பன்னிரண்டு கண்ணிக்கு ஒன்றாக மேலும் ஆறு. பன்னிரண்டு என்பது நான்கின் மடங்கு என்பதால் எல்லாத் துளைகளும் ரிப்பின் பள்ளத்திலேயே விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். இடைவெளி 5.5 செ.மீ. அளவில் இருப்பதால் பொத்தான்களுக்கு நடுவே முன்பக்கம் வாய் பிளக்காது. ஒன்பது வரிசைகள் முடிந்ததும் ரிப் ஒழுங்கிலேயே மூடுங்கள்.

பொத்தான்களைத் தைக்கும்முன் இரு பட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு துளையின் வழியாகவும் குண்டூசி குத்தி இடம் குறியுங்கள். நாடாவால் அளந்து குறித்தால் பட்டைகள் இடமும் வலமும் ஒரு வரிசை ஏறி இறங்கி நிற்கக்கூடும். தைப்பதற்குப் பின்னல் நூலை விடச் சாதாரணத் தையல் நூலே உறுதியானது. பட்டியின் பின்னால் ஒரு சிறு தட்டைப் பொத்தானையும் சேர்த்துத் தைத்தால் துணி கிழியாது.

பட்டியை மட்டும் நீர் தெளித்து, சமமாக விரித்து உலரவிடுங்கள். அணியாத நாட்களில் ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள். தொங்கினால் தோள்பட்டை இழுபட்டு, கணக்கிட்டுப் பின்னிய நீளம் சில வாரங்களில் மாறிவிடும்.